இரண்டாண்டுப் படிப்பு ஏளனத்துக்குரியதா?

பட்டம் பெற்றவனே படித்தவன் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றிவிட்டது. நம் சங்கக் கூட்டங்களுக்கு வருகின்றவர்களைப் பாருங்கள். பொறியியல் மாணவர் ஒருபுறம், முதுகலை மாணவர் ஒருபுறம், ஆராய்ச்சி மாணவர் மற்றொருபுறம் அமர்ந்து நாட்டின் கல்வி நிலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். அந்தப் பேச்சில் ஐ.டி.ஐ. என்னும் சொல் தப்பித்தவறி வந்துவிட்டால் ஒரு புன்னகை பிறக்கிறது. "வேறு வழியில்லாதவன் போகிற இடம்" என்று யாரேனும் சொல்வார்கள். அத்துடன் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். அந்தப் புன்னகை நியாயமானதா என்பதே நான் இங்கே எழுப்ப விரும்பும் கேள்வி.

நண்பர்களே! நம் பல்கலைக்கழகத்தின் ஏரிக்கரை வளாகம் எர்ணாகுளத்தில் ஃபோர்ஷோர் சாலையை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில், அதே சாலையில், மத்திய அரசின் பயிற்சி நிலையம் ஒன்று இருக்கிறது. மீன்வள, கடலோடு மற்றும் பொறியியல் பயிற்சிக்கான மத்திய நிலையம் என்பது அதன் பெயரின் பொருள். சுருக்கமாக 'சிப்நெட்' என்பார்கள். கடலறிவியல் படிக்கும் நாம் நாள்தோறும் அதன் வாயிலைக் கடந்து போகிறோம். ஆயினும் உள்ளே என்ன கற்பிக்கிறார்கள் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்கு விடை சொல்ல முடியும்?

அதன் வரலாறு சுவையானது. 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பயனாகக் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் எந்திரப் படகுகள் வந்தன. பாயும் துடுப்பும் கொண்டு கடலாடிய மக்கள் டீசல் எந்திரத்தின் ஓசையை முதன்முறையாகக் கேட்டார்கள். படகு வந்துவிட்டது, அதைச் செலுத்த ஆள் வேண்டுமே! எந்திரம் நடுக்கடலில் நின்றுவிட்டால் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவன் வேண்டுமே! இந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான் 1963இல் கொச்சியில் தொடங்கப்பெற்ற இந்நிலையம். 1968இல் சென்னையிலும், 1981இல் விசாகப்பட்டினத்திலும் அதன் கிளைகள் தோன்றின.

அங்கே நான்காண்டுப் பட்டப்படிப்பும் உண்டு. ஆனால் நான் பேச விரும்புவது இரண்டு இரண்டாண்டுப் படிப்புகளைப் பற்றி. ஒன்று கலம் செலுத்துவோர்க்கானது. மற்றொன்று கடல் எந்திரப் பொருத்துநர்க்கானது. பத்தாம் வகுப்பில் கணிதமும் அறிவியலும் படித்துத் தேறியிருந்தால் போதும். நாடு முழுவதற்கும் பொதுவான நுழைவுத் தேர்வு ஒன்று உண்டு. வயதுக்கும் வரம்பு உண்டு. ஓரிரு ஆண்டு தயங்கினால் கதவு சாத்தப்பட்டுவிடும். முதல் படிப்பில் கடல் வரைபடம் பார்த்தல், திசையும் நிலையும் கணித்தல், கலங்கள் எதிர்ப்படும்போது ஒதுங்கும் விதிகள், வானிலை, வலைகளும் தூண்டில்களும் ஆகியவை பாடங்கள். இரண்டாவதில் டீசல் எந்திரம், பொருத்து வேலை, கடைசல், பற்றவைப்பு, குளிரூட்டும் கருவி ஆகியவை. வகுப்பறையோடு நில்லாமல் பயிற்சிக் கப்பலில் கடலுக்கும் அழைத்துச் செல்கிறார்கள்.

படிப்பு முடிந்ததும் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். அதன்பின் குறிப்பிட்ட காலம் கடலில் பணிபுரிந்தவர், வணிகக் கப்பல் துறை அலுவலகம் நடத்தும் தகுதித் தேர்வை எழுதி, மீன்பிடி கலத்தின் மேட் ஆகலாம். மேலும் தேறி ஸ்கிப்பர் ஆகலாம். எந்திரப் பக்கம் சென்றவர் மீன்பிடி கலத்தின் பொறியாளர் ஆகலாம். இந்தக் கல்வியைப் பார்த்தா நாம் புன்னகைக்கிறோம்?

இனி, அக்கரையைப் பார்ப்போம். நான் மட்டாஞ்சேரியில் ஜூ டவுனில் குடியிருப்பவன். என் தந்தையார் விருதுநகரிலிருந்து மிளகு மண்டியில் கணக்கெழுத வந்தவர். 1568இல் கட்டப்பட்ட யூதர் கோயிலைக் காண உலகமெல்லாம் வந்து போகும் அந்தத் தெருவில்தான், 1957இல் மிளகுக்கான முன்பேர வணிகச் சங்கம் தோன்றியது. ஏலக்காரர்கள் கூவி விலை பேசிய அந்தக் கூடத்தின் ஆரவாரம் ஓய்ந்துவிட்டது. வணிகம் கணிப்பொறிக்குப் போய்விட்டது. இன்று தெருவை ஆள்பவை பழம்பொருட் கடைகளும் கம்பளக் கடைகளும் வாசனைத் தைலக் கடைகளுமே. அந்தக் கடைகளின் வாசல்களில் நின்று, வருகின்ற வெளிநாட்டாரை நான்கு மொழிகளில் அழைக்கும் இளைஞர்களைக் கவனித்திருக்கிறீர்களா? அவர்களுள் நம்மவரும் உண்டு. பத்தாம் வகுப்போடு நின்றவர்கள். குளிர்காலத்தில் கையில் நாலு காசு இருக்கும். ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டால் பயணிகள் வரவு குறையும். கடைக்காரர் ஆளைக் குறைப்பார்.

எங்கள் தெருவில் அப்படி ஒரு தம்பி இருக்கிறான். அவன் தந்தை ஃபோர்ட் கொச்சி வெளிப் பகுதியில் துணி வெளுக்கும் கூடத்தில் வேலை செய்பவர். பத்தாம் வகுப்பில் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கினான். அந்த ஆண்டு தந்தைக்கு உடல்நலம் கெட்டது. பையன் விரைவில் சம்பாதிக்க வேண்டும். ஆனால் படிக்கவும் ஆசை. விசாரிக்கப் போன இடத்தில், "பிளஸ் டூ சேர்ந்துவிடு, முடியாவிட்டால் கடைக்குப் போ" என்று இரண்டே வழி சொன்னார்களாம். மூன்றாவது வழி ஒன்று காயலுக்கு அப்பால் இருப்பதை யாரும் சொல்லவில்லை. இன்று அவனுக்கு வயது இருபத்தொன்று. பிரெஞ்சு மொழியில் கம்பளத்தின் சிறப்பை விளக்குகிறான். கெட்டிக்காரன். ஆனால் அந்தக் கதவு அவனுக்குச் சாத்தியாகிவிட்டது. வீட்டு வறுமை ஒரு பக்கம் இருக்கட்டும். செய்தி வந்து சேராத குறையும் அல்லவா அவனைத் தடுத்தது? வறுமையை நம்மால் உடனே போக்க முடியாது. செய்தி சேர்ப்பது நம்மால் முடியும்.

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே தோப்பும்படியில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. ஒரு விடியற்காலையில் அங்கே போய் நில்லுங்கள். காதில் விழும் பேச்சில் தமிழ் கலந்திருக்கும். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இனயம்புத்தன்துறை ஆகிய கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களின் மக்கள் அவர்கள். கொச்சியைத் தளமாகக் கொண்டு, சுறாவும் சூரையும் தேடி, வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பவர்கள். மாலத்தீவுக்கும் அப்பால், தீகோ கார்சியா பக்கம் வரை போய் வரும் துணிவுடையவர்கள். கரையிலுள்ள மலையுச்சியையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேராக வைத்துப் பார்த்து, கடலடியில் பாறைப் பார் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் கலை அவர்களுடையது. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்து அதன் குணமறிந்தவர்கள். நாம் வகுப்பில் படிக்கும் கடலியலின் தாய்வீடு அதுதான்.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒக்கி புயல் குமரிக் கடலைக் கலக்கியது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட மீனவர் மாண்டனர் அல்லது மறைந்தனர். அவர்களுள் பலர் புயல் உருவாகுமுன்பே கரையை விட்டுப் புறப்பட்டவர்கள். படகிலிருந்த வானொலிக் கருவியின் எல்லைக்கு அப்பால் இருந்தார்கள், எச்சரிக்கை எட்டவில்லை. சான்றிதழ் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அது இறந்தவர்களுக்கு இழைக்கும் அநீதி. செய்தி சேர்க்க வேண்டியவர்கள் சேர்க்காததே முதற் குற்றம்.

ஆனால் செய்தி எட்டாத இடத்திலும் எட்டுகிற அறிவு ஒன்று உண்டு. வடகோளத்தில், காற்றை எதிர்நோக்கி நின்றால் புயலின் மையம் நம் வலப்பக்கத்தில், சற்றுப் பின்னே இருக்கும். புயல் நகரும் திசைக்கு வலப்புறப் பாதியே மிகவும் ஆபத்தானது. காற்றழுத்தமானி இறங்கும் வேகத்தையும், காற்று எப்பக்கம் திரும்புகிறது என்பதையும் பார்த்து, எங்கே ஒதுங்கலாம் என்று கணிக்கலாம். மரபறிவின் மேல் இந்தக் கணக்கையும் ஏற்றினால் படகில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு உயிர்களுக்கு ஒரு வாய்ப்புக் கூடும். இதைத்தான் அந்த இரண்டாண்டுப் படிப்பின் வானிலைப் பாடம் கற்றுத் தருகிறது. நாமோ இதே பாடத்தை முதுகலையில் சமன்பாடுகளாக எழுதித் தேர்வில் மதிப்பெண் வாங்குகிறோம். இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்பதே வீண். ஒன்றுக்கு மற்றொன்று துணை.

இங்கே தமிழ் மாணவர் ஒருவர் எழுந்து ஒரு கடுமையான கேள்வியைக் கேட்கக்கூடும்: "மீனவன் மகனை மீன்பிடிக் கல்விக்கு அனுப்பச் சொல்கிறாயே, இது குலக்கல்வி அல்லவா?" இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். 1953இல் சென்னை மாநிலத்தில் இராசாசி அவர்கள் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் தந்தையின் தொழிலைப் பழக வேண்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். நாடே எதிர்த்து எழுந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு இல்லாதிருந்தால் இன்று நம்மில் பலர் இந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கமாட்டோம்.

ஆனால் வேறுபாட்டைப் பாருங்கள். குலக்கல்வி சிறுவனின் பள்ளி நேரத்தைப் பறித்தது. இது பத்தாண்டுப் பள்ளிக் கல்விக்குப் பின் வருவது. அது பிறப்பைக் கேட்டது. இது கணக்கையும் அறிவியலையும் கேட்கிறது. வெளுப்பவர் மகனும் மண்டிக் கணக்கர் மகனும் மீனவர் மகனும் ஒரே தேர்வை எழுதலாம். அது தந்தைக்குத் தெரிந்ததோடு நின்றது. இது தந்தைக்குத் தெரியாததைத் தருகிறது. தந்தை கூலிப் பங்குக்குப் போன படகில் மகன் சான்றிதழுடன் ஸ்கிப்பராக நிற்பது குலத்தொழிலா? அது குலத்தின் மேல் சுமத்தப்பட்ட தாழ்வை உடைப்பது. மீனவர் வீட்டுப் பிள்ளை மருத்துவராக விரும்பினால் அதற்கு நாம் துணை நிற்க வேண்டும். கடலையே விரும்பினால், அங்கும் அவன் மேலே ஏறத் துணை நிற்க வேண்டும். வழி பல இருக்க வேண்டும். தேர்வு அவனுடையதாக இருக்க வேண்டும்.

இன்னொரு ஐயமும் உண்டு. "இரண்டாண்டுப் படிப்பு ஒரு முட்டுச் சந்து, அதற்குள் போனவன் மேலே வரமுடியாது" என்பார்கள். இந்த அச்சம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1901இல் ஜோலியட் என்னும் ஊரில் அரசு இளநிலைக் கல்லூரி ஒன்று தோன்றியது. அதிபர் ட்ரூமன் அமைத்த குழு 1947இல், இத்தகைய இரண்டாண்டுக் கல்லூரிகள் ஊர்தோறும் வேண்டும் என்றது. அவை பெருகின. ஆனால் 1960இல் பர்ட்டன் கிளார்க் என்னும் சமூகவியலார் ஒரு குறை கண்டார். பட்டக் கனவோடு வரும் ஏழை மாணவனின் ஆசையை மெல்ல ஆறவைத்து அனுப்பும் வேலையையும் இக்கல்லூரிகள் செய்கின்றன என்றார். அந்த எச்சரிக்கை நமக்கும் பொருந்தும். ஏழைக்கு இரண்டாண்டு, வசதியுள்ளவனுக்கு நான்காண்டு என்று பாதை பிரிந்துவிடக் கூடாது.

அதற்கு மருந்து, கதவை மூடுவதன்று. மேற்கதவுகளைத் திறந்து வைப்பதே. சில கதவுகள் ஏற்கனவே திறந்திருக்கின்றன. இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழி உண்டு. அங்கே பட்டயம் பெற்றவர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் மொழித் தேர்வையும் எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான தகுதி பெறலாம். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் உதவித்தொகையுடன் பயிற்சி பெறலாம். கொச்சிக் கப்பல் கட்டும் தளம் ஆண்டுதோறும் இத்தகைய பழகுநர்களை எடுக்கிறது. 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பலைக் கட்டிய கைகளில் ஐ.டி.ஐ. படித்த கைகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெண்களுக்குக் களமசேரியில் மகளிர் அரசு ஐ.டி.ஐ. தனியே இருக்கிறது.

குறைகளே இல்லை என்று நான் வாதிடவில்லை. தகுதித் தேர்வு எழுதத் தேவையான கடற்பணிக் காலத்தைச் சேர்ப்பது எளிதன்று. ஏற்ற கலத்தில் இடம் கிடைக்க அலைய வேண்டியிருக்கும். பாடமொழி ஆங்கிலம், தமிழிலோ மலையாளத்திலோ படித்து வந்தவன் முதல் ஆண்டில் திணறுவான். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் தரகர்களும் கடல்சார் தொழிலைச் சுற்றித் திரிகிறார்கள். இவை யாவும் உண்மை. ஆனால் இவை அறிந்து எதிர்கொள்ள வேண்டிய இடையூறுகள். இவற்றைக் காட்டி ஒரு வாய்ப்பையே மறைப்பது முறையன்று.

புலம்பெயர்ந்த தமிழர்க்கு இதில் தனித் தொல்லை ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் 'புதுமைப் பெண்' திட்டமும், 2024 ஆகஸ்டில் 'தமிழ்ப் புதல்வன்' திட்டமும் தொடங்கப்பெற்றன. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குச் செல்வோர்க்கு மாதம் 1,000 ரூபாய், ஐ.டி.ஐ. மாணவர்க்கும் உண்டு. 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை ஏறத்தாழ 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கும் திட்டமும் அங்கே வந்தது. நல்ல செயல்கள். ஆனால் அந்த மாதத் தொகை தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்க்கே உரியது. மட்டாஞ்சேரியில் பிறந்து மட்டாஞ்சேரியில் படித்த தமிழ்ப் பிள்ளைக்கு அது எட்டாது. இங்கோ, அவன் வீட்டில் பேசும் மொழியில் எந்த அறிவிப்பும் வருவதில்லை. இரண்டு மாநிலங்களின் நடுவே நிற்கும் அந்தப் பிள்ளைக்கு, மத்திய அரசின் இத்தகைய நிலையமே பொதுச் சொத்து. அதை அவனுக்குச் சுட்டிக்காட்ட யார் இருக்கிறார்கள்? நாம்தாம் இருக்கிறோம்.

"தமிழ்ச் சங்கத்தின் வேலை மொழியை வளர்ப்பது, வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துவதன்று" என்று சிலர் சொல்வார்கள். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் கவியரங்கமும் வேண்டும். அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மொழி வாழ்வது மக்களிடத்தில். வெளியில் துணி தேய்க்கும் தமிழரும் தோப்பும்படியில் வலை பின்னும் தமிழரும் நம் விழா அழைப்பிதழில் இடம்பெறாவிட்டால், நாம் வளர்ப்பது எந்தத் தமிழ்?

ஆகவே மூன்று செயல்களை நம் சங்கத்தின் முன் வைக்கிறேன். மூன்றும் பணச் செலவு மிகுதியாக இல்லாதவை.

முதலாவது, ஒவ்வோர் ஆண்டும் இந்நிலையத்தின் சேர்க்கை அறிவிப்பும் அரசு ஐ.டி.ஐ.களின் அறிவிப்பும் வெளிவந்தவுடன், அவற்றை எளிய தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி அச்சிட வேண்டும். தகுதி என்ன, வயது என்ன, கடைசி நாள் எது, எங்கே விண்ணப்பிப்பது என்பவை அதில் இருந்தால் போதும். அதைத் தோப்பும்படித் துறைமுகத்திலும், வெளிப் பகுதியிலும், மட்டாஞ்சேரித் தெருக்களிலும் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கைப்பேசியில் அனுப்பிவிட்டால் போதாது; வாசலில் நின்று பேசினால்தான் தாய்மார்கள் நம்புவார்கள்.

இரண்டாவது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் கணக்கும் அறிவியலும் கற்றுத்தர வேண்டும். நம்மிடம் இயற்பியலாரும் கணிதத்தாரும் வேதியியலாரும் நிறைய இருக்கிறார்கள். முக்கோணவியல் தெரியாமல் கடலில் நிலை கணிக்க முடியாது. அதைச் சொல்லிக்கொடுக்க நம்மைவிடத் தக்கவர் யார்? ஆளுக்கு மாதம் ஒரு ஞாயிறு என்று பங்கிட்டுக்கொண்டால் யாருக்கும் சுமையாகாது.

மூன்றாவது பணி தமிழுக்கே உரியது. கடற்பயணம், எந்திரம், வானிலை ஆகியவற்றில் வழங்கும் ஆங்கிலச் சொற்களுக்கு எளிய தமிழ் விளக்கத்துடன் ஒரு சிறு கையேடு செய்ய வேண்டும். அகராதியைப் பார்த்துச் சொல் ஆக்க வேண்டியதில்லை. துறைமுகத்துக்குப் போய், மீனவப் பெரியவர்களிடம், "ஐயா, இதை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டு எழுத வேண்டும். முதலாண்டில் திணறும் மாணவனுக்கு அது கைத்தடியாக உதவும். நமக்கோ, நூல்களில் ஏறாத பல நல்ல தமிழ்ச் சொற்கள் கிடைக்கும். மொழிப்பணி வேண்டும் என்போர்க்கு இதைவிடச் சிறந்த பணி எது?

அடுத்த பொதுக்குழுவில் இவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். எதிர்ப்பவர்கள் தாராளமாக எதிர்க்கட்டும், விவாதம் நடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரக்கூடியவர்கள் அதற்கு முன்பே சங்கச் செயலாளரிடம் தங்கள் பெயரைக் கொடுத்துவையுங்கள். இடம் தேட வேண்டியதில்லை. எங்கள் வீட்டு மாடியில் இருபது பிள்ளைகள் அமரலாம். கரும்பலகை ஒன்று மட்டும் வேண்டும்.